அந்தத் தலையசைப்பு யாருக்கு

என் இடுக்கிக்காரனைச் சகலை தட்டிக்கொண்டு போய்விட்டார். இதைவிட நாகரிகமாகச் சொல்ல எனக்கு வரவில்லை.

எங்கள் பட்டறையில் கிரேன் கொக்கி அடிக்கிறோம். உலையில் பழுத்த எஃகுத் துண்டை இடுக்கிக்காரன் கவ்விக்கொண்டு வந்து கீழ் அச்சில் வைப்பான். மேலே படிந்த கருஞ்செதிலைக் காற்றுக் குழாயால் ஊதித் தள்ளுவான். பிறகு தலையை அசைப்பான். நான் காலால் மிதியை அழுத்துவேன், மேலிருந்து ஹேமரின் சம்மட்டி இறங்கும். காதுக்குள் அடைப்பான், அதற்கு மேல் மூடி, இடி விழுந்தாலும் கேட்காது. ஆகவே எங்களுக்குப் பேச்சு என்பது அந்த ஒரு தலையசைப்புதான்.

என் இடுக்கிக்காரனைக் குச்சி என்று கூப்பிடுவோம். ஆளும் அப்படித்தான். நான் மனைவியிடம் பேசியதைவிட அவன் என்னிடம் தலையாட்டியது அதிகம். சகலை, அதாவது மனைவியின் அக்கா கணவர், எதிர் வரிசையில் எனக்கு நேரே நிற்கிறார். போன வருஷம் வந்த புது ஹேமர் அவருக்குத்தான் போயிற்று. மாமனார் வீட்டில் கை வைத்த நாற்காலி அவருக்கு, காலாடும் ஸ்டூல் எனக்கு. எல்லாவற்றையும் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தேன். குச்சியாவது என் பக்கம் இருந்தானே.

திங்கட்கிழமை காலையில் வந்து பார்த்தால், குச்சி எதிர் வரிசையில் இடுக்கியோடு நிற்கிறான். சகலை கேட்டு வாங்கியிருப்பார், வேறென்ன. நேராக ஃபோர்மேனிடம் போனேன்.

"சார், குச்சிய எனக்குத் திருப்பிக் குடுங்க."

"அவன் என்ன நீ மறந்து வச்சிட்டுப் போன குடையா?" என்றார் அவர். "இந்த வாரம் ஓடட்டும். அங்க சரிப்படலைன்னா பாக்கலாம்."

அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் சாயங்காலம் வீட்டுக்குப் போனேன். அங்கே சரிப்படக் கூடாது. எனக்கு வேண்டியதெல்லாம் அவ்வளவுதான்.

"என்னங்க, பொண்டாட்டி ஓடிப்போன மாதிரி உக்காந்திருக்கீங்க?" என்றாள் மனைவி.

"அதுன்னாக்கூடத் தாங்கிக்குவேன்."

அன்று மேசைமேல் தட்டு விழுந்த சத்தத்துக்குக் காதடைப்பான் தேவைப்பட்டது.

எனக்குக் கொடுத்த புது ஆள் தங்கமான மனிதர். துண்டை நூல் பிடித்த மாதிரி வைப்பார், செதிலைச் சுத்தமாக ஊதுவார். குறை சொல்ல ஒன்றுமில்லை என்பதே எரிச்சல். ஒரே வித்தியாசம், அவர் தலையசைக்க மாட்டார். கட்டை விரலைத் தூக்கிக் காட்டுவார்.

நான் எங்கே விரலைப் பார்த்தேன்? சகலை அடிக்கிற கொக்கியில் ஒரு மடிப்பாவது விழாதா, ஓர் ஓரமாவது நிறையாமல் போகாதா என்று எதிர் வரிசையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பாழாய்ப்போன கொக்கிகள் ஒவ்வொன்றும் கண்ணாடி மாதிரி வந்து விழுந்தன. குச்சி துண்டை வைப்பான், ஊதுவான், தலையசைப்பான், சகலை அடிப்பார்.

வியாழக்கிழமை அதைவிட மோசம். குச்சி தலையசைத்துவிட்டுச் சிரிக்கவும் செய்தான். என்னிடம் அவன் சிரித்து எத்தனை நாளாயிற்று! அந்தத் தலை இன்னொரு முறை அசைந்தது. என் கால் மிதியை அழுத்திவிட்டது.

என் அச்சில் துண்டு அப்போதுதான் பாதி உட்கார்ந்திருந்தது. ஹேமர் அதன் ஓரத்தில் விழுந்தது. சிவந்த துண்டு எகிறி, புது ஆளின் முழங்காலை உரசுவது போலப் பறந்து சுவரில் மோதியது. இடுக்கி அவர் கையை முறுக்கிக்கொண்டு தெறித்தது. அவர் மணிக்கட்டைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்துவிட்டார். வரிசையாக எல்லா ஹேமர்களும் நின்றன.

ஃபோர்மேன் ஓடி வந்து என் காதடைப்பானைப் பிடுங்கினார். "விரல் காட்டினாரா அவரு?"

"இல்ல சார்."

"அப்புறம் யாரைப் பாத்து அடிச்ச?"

என் கண் குச்சி பக்கம் போயிற்று. அவனுக்கு மட்டும் புரிந்துவிட்டது. என் தோளைப் பிடித்து உலையோரமாக இழுத்துக்கொண்டு போனான். தன் காதடைப்பானையும் கழற்றினான். பட்டறைக்குள் அவன் குரலை அன்றுதான் ஒழுங்காகக் கேட்டேன்.

"நான் உன் சகலைக்குத் தலையாட்டினேன். நீ அடிச்சிட்ட. அதானே?"

"நீ எங்கிட்டயே இருந்திருந்தா இது நடந்திருக்குமா? அந்த ஆளு உன்னைக் கேட்டு வாங்கி…"

"அவரு கேக்கல. நான்தான் ஃபோர்மேன்கிட்டக் கேட்டு மாறினேன்."

"ஏன்டா?"

"புது ஹேமர் வந்ததுலேர்ந்து நீ துண்டைப் பாக்குறதே இல்ல. கண்ணு பூரா அவரு மேல. ஓரக்கண்ணுல என் தலை ஆடினா உன் கால் எறங்கும். ஒரு நாள் எனக்கு வேர்வை கண்ணுல விழுந்து தலையை உதறினேன். அதுக்கும் அடிச்ச. அன்னிக்கு நூலிழையில கையை இழுத்தேன். நீ கவனிக்கக்கூட இல்ல." கையுறையைக் கழற்றி என் முகத்துக்கு நேரே விரித்துக் காட்டினான். "அச்சுக்குள்ள போறது என் கைடா."

அந்தக் கையைத்தான் பார்க்க நினைத்தேன். ஆனால் அவன் தோளுக்கு அப்பால், சகலை அந்தப் புது ஆளின் மணிக்கட்டில் துணி சுற்றிக்கொண்டிருந்தார். ஃபோர்மேன் சகலையின் முதுகில் தட்டி ஏதோ சொன்னார். என்னவாக இருக்கும்?

"இப்பவும் எங்கடா பாக்குற?" என்றான் குச்சி.