ஒரு அடிக்கு ஒரு படி

அக்காவின் தாடையைத் துணியால் சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தாள் தங்கை. அப்போதுதான் அக்கா வேலை பார்த்த அலுவலகத்தின் மேலாளர் உள்ளே வந்தார். சற்று நேரம் தலைகுனிந்து நின்றார். பிறகு தங்கையைத் தனியே அழைத்தார். அழைத்த தோரணையிலேயே மனிதர் காரியத்தில் கண்ணாக வந்திருக்கிறார் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

பாதாளச் சாக்கடை வரைபடங்கள், நூற்று நாற்பது தாள், நாளைக் காலை போயாக வேண்டுமாம். எல்லாவற்றிலும் அக்காவின் பிளாக்குகள். மூடி, குழி, குழாய் இணைப்பு என்று ஒவ்வொன்றையும் கணினியில் ஒரே முறை வரைந்து, பெயரிட்டு வைத்திருந்தாள். வேண்டிய இடத்தில் எடுத்துப் பதித்தால் போதும். மூலத்தில் ஒரு கோட்டைத் திருத்தினால் பதித்த தாளெல்லாம் தானே திருந்தும். பதினாறு வருட உழைப்பு. மூலம் வீட்டில் அவளுடைய லேப்டாப்பில்தான் இருந்தது.

குழிக்குள் ஆள் இறங்கும் இரும்புப் படியில்தான் சண்டை. அக்கா ஒரு அடிக்கு ஒரு படி வைத்திருந்தாள். ஒன்றரை அடிக்கு ஒன்று போதும், இரும்பு மிச்சம் என்றார் மேலாளர். மூச்சுமுட்டி மேலே ஏறுகிறவன் காலால் துழாவிக்கொண்டிருக்க முடியாது என்று அக்கா ஒரே பிடியாக நின்றாள். மூன்று மாதமாக அலுவலகத்தில் யாரும் அவளோடு முகம்கொடுத்துப் பேசவில்லை. அவளும் அசையவில்லை. இன்று காலை அலுவலகத்தில் தன் மேசையில் சாய்ந்தவள் எழவே இல்லை.

தங்கையும் வேறோர் அலுவலகத்தில் வரைபவள். அது தெரிந்துதான் வந்திருந்தார்.

"ஒரு பிளாக்தானேம்மா மாத்தணும். உனக்கு ரெண்டு நிமிஷ வேலை."

லேப்டாப்பைத் திறந்தாள். அந்தப் பிளாக்குக்கு அக்கா வைத்திருந்த பெயர், 'படி - கைவைக்காதே'. தங்கைக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

"மாத்தித் தரேன் சார். ஒன்றரை அடி போதும்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. அதையும் ஒரு பிளாக்காக்கி, நூத்தி நாப்பது தாள்லயும் உங்க பேரோட பதிச்சுடுறேன். அதுவும் ரெண்டு நிமிஷம்தான்."

மேலாளர் சட்டைப்பையில் இருந்த பேனாவைத் தொட்டார். கூடத்தில் கிடந்தவளைப் பார்த்தார். கை கீழே இறங்கியது.

"இருக்கட்டும். இருக்கிறபடியே குடு."

பென்டிரைவில் ஏற்றிக் கொடுத்தாள். யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் போனார்.

தூக்க வந்தவர்கள் நடையின் திருப்பத்தைப் பார்த்துத் தயங்கினார்கள். பாடை இதில் திரும்புமா என்று ஒருவர் கேட்டார்.

"திரும்பும். தலைப்பக்கம் கொஞ்சம் ஒசத்திப் பிடிங்க" என்றாள் தங்கை. கதவைச் சுவரோடு சேர்த்து முதுகால் அழுத்திக்கொண்டு, எல்லாரும் கடந்து போகும்வரை நின்றாள்.