எவெலியோ போட்டுத் தந்த லினக்ஸ்

கமகுவே நகரில் கணினி கெட்டால் எல்லோரும் எவெலியோவைத்தான் தேடுவார்கள். அவர் போட்டுத் தந்த லினக்ஸ் இயங்குதளம் கெட்டாலும் அவரைத்தான் தேடுவார்கள். பாதி நாள் இந்த இரண்டாவது வேலைதான்.

மருந்துக்கடை ரமிரோவின் பழைய கணினிப் பெட்டி, அச்சிடச் சொன்னால் உறைந்து நிற்கும். தையல்காரி மைதேயின் மடிக்கணினியில் திடீரென்று சத்தம் போய்விடும். நெரேய்தாவின் பெட்டியோ, வெளிநாட்டில், மோன்தெவிதேயோவில் இருக்கும் மகளோடு அவள் முகம் பார்த்துப் பேசிக்கொண்டிருக்கும்போதே கறுத்துப்போகும். எவெலியோ கைவசம் ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தார்: பெட்டி கிழடு, மின்வெட்டு, ஈரக்காற்று. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதைதான்.

ஆனாலும் போகிற வீட்டிலெல்லாம் காபி கிடைத்தது. “டாக்டர் வந்துட்டாரு, நோயாளிக்குத்தான் மூச்சு நின்னுபோச்சு” என்று நெரேய்தா கேலி செய்வாள். மனைவி இறந்த பிறகு அவர் வீட்டில் அவரைக் கேலி செய்ய ஆளில்லை. எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி ஏற்ற ஒரு மதியம் முழுக்க ஆகும். அந்த மதியங்களில்தான் அவர் வாய் திறந்து பேசினார்.

அவருடைய சொந்தக் கணினி மட்டும் தகராறு செய்ததே இல்லை. எந்தக் காலத்திலோ ஒரு குறுவட்டிலிருந்து ஏற்றியது. மழை தொடங்கிய சமயம் அதன் ஹார்ட் டிஸ்க் செத்தது. வேறொன்றை மாட்டி, ஊருக்கெல்லாம் போட்ட அதே பென் டிரைவைச் செருகினார். சாயங்காலத்துக்குள் சத்தம் போனது. பிறகு திரையும் கறுத்தது.

எவெலியோ அந்த பென் டிரைவைப் பிடுங்கிக் கையில் வைத்துப் பார்த்தார். அதிலிருந்த லினக்ஸ் நகல் யாரோ யாருக்கோ கொடுத்து, கைமாறி அவரிடம் வந்தது. இந்த ஊரில் எல்லாமே அப்படித்தான் வரும். நகல் சரிதானா என்று ஒத்துப்பார்க்கிற எண் இணையத்தில் இருக்கிறது. தன் வீட்டில் இணைப்பு இல்லை; அதற்காகப் பூங்காவில் போய்த் தவம் கிடக்க யாருக்குப் பொறுமை? இப்போது போய்த் தவம் கிடந்தார். எண் ஒத்துப்போகவில்லை. கணினிகள் மேல் ஒரு குற்றமும் இல்லை, நகல்தான் பழுது.

நல்ல நகலை இறக்குவது பெரிய காரியமில்லை. அதைப் போட்டுவிட்டால் பிறகு ஒருத்தரும் கூப்பிட மாட்டார்களே என்பதுதான் பயம். தனக்கு மட்டும்தானே தெரியும் என்று சில நாள் பேசாமல் இருந்தார். வெட்கக்கேடுதான், ஆனாலும் இருந்தார்.

அப்போதுதான் நெரேய்தா அழைத்தாள். புதிதாய்ப் பிறந்த பேத்தியை மகள் முதன்முதலாகக் காட்டும்போது திரை கறுத்துவிட்டதாம். இந்த முறை அவள் கேலி செய்யவில்லை.

எவெலியோ புது நகலோடு போனார். தப்பு தன்னுடையது என்று சொல்லிவிட்டே ஏற்றினார். அடுத்து ரமிரோ, மைதே என்று வீடு வீடாக ஏறி இறங்கினார். எல்லாம் ஒழுங்காக ஓடின. அவர் வீட்டுத் தொலைபேசிதான் வாயை மூடிக்கொண்டது.

மழை ஓய்ந்த ஒரு மதியம், யாரும் கூப்பிடாமல் அவரே நெரேய்தா வீட்டுக்குப் போனார். உள்ளே மகளின் குரல் தெளிவாகக் கேட்டது. குழந்தை சிணுங்கியது. நெரேய்தா கம்பிக்கதவைத் திறக்காமல் எட்டிப் பார்த்தாள்.

“எவெலியோவா? நான் கூப்பிடலையே.”

“சும்மாதான். எப்படி ஓடுதுன்னு பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்.”

“உங்க புண்ணியத்துல ஒரு நாள்கூட நிக்கல. இனிமே உங்களுக்கு இந்த அலைச்சலே வேணாம். நிம்மதியா வீட்டுல இருங்க.”

மனதார நன்றியோடுதான் அதைச் சொன்னாள்.