சிவப்பாய்த் தெரிந்த பீம்

1.

மனித இனம் குகைச் சுவரில் கோடிழுத்த நாள்முதல், ஒருவர் கண்டதை மற்றவரும் காணவேண்டும் என்ற தவிப்பே நாகரிகத்தை நடத்தி வருகிறது.

(பெரிய வாக்கியம்தான். கதை பிறந்ததோ, ஆறிப்போன டீயை வைத்துக்கொண்டு ஒரு கட்டடப் பொறியாளர் புலம்பியதில். வாக்கியம் கிடக்கட்டும், எடுத்தால் பக்கம் மொட்டையாகிவிடும்.)

2.

முதல் தொடக்கம்: "திரையில் மருத்துவமனை மெல்லச் சுழன்றது. அவள் கண்களில்..." வேண்டாம். அவள் கண்களில் தூக்கம்தான் இருந்தது.

இரண்டாம் தொடக்கம்: புது மருத்துவமனைக் கட்டடம் பற்றிய கூட்டத்தில், பொறியாளரான அவளுக்குச் சொல்லவேண்டியது ஒன்றே ஒன்று. மாடிப்படிக்கு மேலே குறுக்காக வரும் உத்திரம், அதாவது பீம், வரைபடத்தில் தாழ்வாக அமைந்துவிட்டது. நோயாளியைத் தூக்கிக்கொண்டு இறங்குபவரின் தலை இடிக்கும். மறுநாள் காலை கான்கிரீட் போடுகிறார்கள். அதற்குள் மருத்துவமனைத் தலைவர் சரி என்றால் பீமை உயர்த்தலாம். வாயால் சொன்னால் ஏறாது என்று, தூக்கம் கெட்டு, முப்பரிமாணப் படம் செய்தாள். மரங்கள் அசையும், ஆட்கள் நடப்பார்கள். எங்கே இடிக்கிறதோ அந்த இடத்தை மென்பொருள் சிவப்பாகக் காட்டும்.

3.

"அது என்ன மரம்மா?" என்றார் தலைவர்.

"சும்மா ஒரு மரம் சார். இப்ப படிக்கட்டுக்கு வர்றேன்..."

"சும்மா மரமா? நிழல் குடுக்குமா?"

கூட்டத்தில் பாதி, அந்த மரத்தடியிலேயே கழிந்தது.

[இங்கே தலைவரை முட்டாளாக்கிவிடக் கை துறுதுறுக்கிறது. ஆனால் நல்ல மனிதர். திரையில் பளபளவென்று வருவதெல்லாம் சரியாகத்தான் இருக்கும் என்று நம்புபவர். நாம் மட்டும் என்னவாம்?]

ஒருவழியாகப் படிக்கட்டு வந்தது. பீம் செக்கச்செவேலென்று நின்றது.

"அத்தான், அந்தச் சிவப்பு எடுப்பா இருக்கு பாருங்க!" என்றார் தலைவரின் மைத்துனர்.

"அட, ஆமா! யாரும்மா யோசிச்சது?"

"சார், அது அழகுக்கு இல்ல. அங்க ஒரு தப்பு..."

"தன்னடக்கத்தப் பாருடா! தப்பெல்லாம் ஒண்ணுமில்லம்மா. இதுல யாரும் கை வைக்கக் கூடாது. அப்படியே கட்டுங்க."

அறை முழுக்கக் கைத்தட்டல்.

4.

முடிவு அ: அவள் மேசையைத் தட்டி எழுந்து... (எழவில்லை.)

முடிவு ஆ: திறப்பு விழாவில் தலைவரே இடித்துக்கொள்கிறார். நியாயம் கிடைக்கும், கதை கெட்டுவிடும்.

முடிவு இ: மேஸ்திரிக்குப் போன் போட்டு, "பீமை ஏத்திடுங்கண்ணே, நான் பாத்துக்கறேன்" என்கிறாள். இதை வேண்டுமானால் நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். எனக்குத் தெம்பில்லை, கான்கிரீட்டுக்குக் காலைவரை நேரம் இருக்கிறது.

அவள் என்னிடம் சொன்னது இவ்வளவுதான்: எல்லோரும் கை தட்டியபோது அவளும் தட்டினாள்.