சேவலை ஒளித்த வீடு

வேங்கிக்காலைத் தாண்டி ஏரிக்கரை ஓரமாக இருந்த ராஜமாணிக்கத்தின் முட்டைக் கோழிப் பண்ணையில் கோழிகள் கொத்துக் கொத்தாகச் செத்தபோது, வெயில் தாங்கவில்லை என்றுதான் தெருவே பேசிக்கொண்டது. பறவைக் காய்ச்சல் என்று பரிசோதனை முடிவு வந்த பிறகுதான் எல்லோருக்கும் உறைத்தது. மறுநாள் காலையில் முகமூடியும் வெள்ளை உடுப்புமாக ஆட்கள் வந்து இறங்கினார்கள். பண்ணையைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் இறகு முளைத்த எதுவும் உயிரோடு இருக்கக் கூடாது என்று உத்தரவு. பௌர்ணமிக்கு ஊர் முழுக்கக் கிரிவலக் கூட்டம் வந்துவிடும், அதற்குள் வேலை முடிய வேண்டும் என்று அவர்களுக்கு அவசரம் வேறு.

கொன்றார்கள் ஐயா, கொன்றார்கள். ஒரு கையில் காலைப் பிடிப்பது, மறு கையில் தலையைப் பிடித்து ஒரே இழுப்பு. கழுத்தெலும்பு நெட்டி முறிக்கிற மாதிரி சத்தம் போடும். சாக்கில் போட்ட பிறகும் உள்ளே இறக்கை அடித்துக்கொண்டே இருக்கும். அந்தத் தெருவில் இருந்த முருகவேல் தன் வாத்துகளைத் தர மாட்டேன் என்று உருட்டுக்கட்டையோடு பாய்ந்து, ஓர் ஆளின் தோளில் ஓங்கிப் போட்டுவிட்டான். கூட வந்த போலீஸ்காரர் அவன் கையை முதுகுப் பக்கம் முறுக்கி மண்ணில் அழுத்தினார். அவன் கண்ணெதிரிலேயே வாத்துகளின் கழுத்தும் போயிற்று. ஜேசிபி தோண்டிய குழியில் சாக்குகளை உருட்டிவிட்டு மேலே சுண்ணாம்பைக் கொட்டினார்கள்.

சந்திரம்மாளின் கோழிகளும் அந்தக் குழிக்குள்தான் போயின. குருணை போட்டு வளர்த்தவள். தானே பிடித்துக் கொடுக்கிறேன் என்று முன்னால் போனவளைக் கால்நடை டாக்டர் ஆஃப்ஷீன் கை நீட்டித் தடுத்தாள்.

"நீங்க தொடாதீங்கம்மா. எங்க ஆளுங்க புடிச்சிப்பாங்க. வீட்ல மாசமா ஒரு பொண்ணு இருக்கறாங்க போல?"

"எம் பொண்ணு பூஜாங்க. பிரசவத்துக்கு வந்துக்கீறா. எட்டு மாசம்." என்றாள் சந்திரம்மாள். பூஜாவுக்கு முன்னால் இரண்டு கரு தங்காமல் போய்விட்டது. மூன்றாவதாக இதுதான் நின்றிருக்கிறது. இதுவும் போனால் பெண் உயிரோடு இருக்க மாட்டாள் என்று தாய்க்குத் தெரியும்.

"அப்ப நல்லா கேட்டுக்குங்க. இந்தக் கிருமி கோழியோட எச்சத்துல, மூக்குச் சளியில, எச்சில்ல ஜாஸ்தி இருக்கும். அது கையில பட்டு, அந்தக் கை கண்ணுக்கோ மூக்குக்கோ வாய்க்கோ போனா மனுஷனுக்கும் வரலாம். வரது கம்மிதான். வந்துட்டா நுரையீரலைப் புடிச்சிக்கும். மாசமா இருக்கறவங்களுக்கு ரெண்டு உயிரும் ஆபத்து. நல்லா வேக வச்ச கறியும் முட்டையும் ஒண்ணும் பண்ணாது. உயிர்க் கோழி, செத்த கோழி, அதோட அழுக்கு, இதுங்க கிட்ட போவாதீங்க. யாருக்காவது காய்ச்சல், இருமல் வந்தா உடனே எனக்குப் போன் பண்ணுங்க." தன் எண்ணைச் சொல்லி, சந்திரம்மாளின் செல்லில் ஏற்ற வைத்த பிறகுதான் நகர்ந்தாள். போகிற போக்கில் கேட்டாள்: "வேற கோழி, சேவல் எதுனா இருக்கா?"

"ஒண்ணு கூட இல்லைங்க மேடம். கொட்டாயைப் பாத்துக்குங்க," என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னான் சந்திரம்மாளின் புருஷன் கண்ணாயிரம்.

கண்ணாயிரம் டைல்ஸ் ஒட்டுகிற மேஸ்திரி. ரமணாசிரமம் பக்கம் புதிதாகக் கட்டுகிற கெஸ்ட் ஹவுஸ்களில் பாதிக்குத் தரை போட்டவன் அவன்தான். வேலை அதுவென்றாலும் உயிர் இருந்தது சேவல் சண்டையில். கீரி நிறத்தில் ஒரு சேவல் வைத்திருந்தான், பெயரும் கீரியேதான். பாதாமும் பேரீச்சையும் ஊட்டி வளர்த்தான். கட்டிய பெண்டாட்டிக்கு ஒரு நாள் ஊட்டியிருப்பானா, கேளுங்கள்! அந்தக் கீரியை முந்தின நாளே கீழ்பென்னாத்தூரில் இருந்த சேவல் சண்டைக் கூட்டாளி பிரசாத்திடம் கொடுத்துவிட்டதாக வீட்டில் சொல்லியிருந்தான். சந்திரம்மாளும் நம்பினாள். பண்ணைப் பக்கம் கிருமி இருக்கையில் சேவலைத் தூக்கி இன்னோர் ஊருக்கு அனுப்புவதும் தப்புதானே என்று அவளுக்கு அப்போது தோன்றவில்லை.

அடுத்த நாள் பிற்பகல் பூஜா உள்ளே தூங்கிக்கொண்டிருந்தாள். சந்திரம்மாள் கொல்லையில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். தெருவில் ஒரு கோழிச் சத்தம் கிடையாது, காக்கைகூடக் கம்மென்று இருந்தது. அந்த அமைதியில் கொல்லைக் கடைசியில் இருந்த அறையிலிருந்து கொர்கொர் என்று ஒரு சத்தம் வந்தது. கண்ணாயிரம் டைல்ஸ் அறுக்கும் மிஷினும் சாமான்களும் போட்டு வைத்திருக்கும் அறை அது. ஆஸ்பெஸ்டாஸ் கூரை, தகரக் கதவு. துணியைப் போட்டுவிட்டுப் போய்க் கதவை இழுத்துத் திறந்தாள்.

கீரி கண்ணாயிரத்தின் மடியில் கிடந்தது. கொண்டை கத்திரிக்காய் நிறத்துக்குக் கறுத்திருந்தது, கண்கள் வீங்கி மூடிக்கொண்டிருந்தன, ஒவ்வொரு மூச்சுக்கும் தொண்டையில் சளி கொதித்தது. அவன் அதன் அலகைத் தன் வாய்க்குள் வைத்து ஓர் உறிஞ்சு உறிஞ்சி, பக்கத்தில் த்தூ என்று துப்பினான். திரும்பவும் வாய் வைத்தான்.

சேவல் கட்டுக்குப் போகிறவர்கள் செய்கிற வேலைதான் இது. சண்டை நடுவில் ரத்தமும் சளியும் தொண்டையை அடைத்துக்கொண்டால், தூக்கிவந்து வாயால் உறிஞ்சி எடுப்பார்கள், தண்ணீரைக் கொப்பளித்து மூஞ்சியில் ஊதுவார்கள். கண்ணாயிரம் வாய் வைத்தால் செத்த சேவலும் எழுந்து நிற்கும் என்று அவனுக்குப் பெயரே உண்டு. அந்தப் பெயர் தலைக்கு ஏறிப் பல வருஷம் ஆகிறது.

"அடப் பாவி! இன்னாய்யா பண்றே?" சந்திரம்மாள் அலறினாள்.

"கத்தாத. சளி புடிச்சிருக்குது, அவ்ளோதான். ராத்திரி ஏரிக்கரை முள்ளுக்குள்ள கட்டி வச்சேன், ஏரித் தண்ணியில நனைஞ்சிட்டான்."

"சளியா? பண்ணைக் கோழி எல்லாம் இப்பிடித்தானே செத்துச்சு! அந்த டாக்டரம்மா படிச்சுப் படிச்சுச் சொல்லுச்சே, அதோட சளியிலதான் கீதுன்னு! உள்ள எம் பொண்ணு கெடக்குது, நீ இங்க வாயால உறிஞ்சிக்கினு கீறியா?"

"ஏய், போடி. எத்தினி வருசமா செய்யறேன், எனக்கு இன்னா ஆச்சு? ஊசி போடறவளுக்குச் சேவலைப் பத்தி இன்னா தெரியும்?"

சந்திரம்மாள் இரண்டே எட்டில் போய் அவன் கன்னத்தில் பளாரென்று அறைந்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் கை அவன் மேல் பட்டதில்லை. அவன் திகைத்தது ஒரு நொடிதான். எழுந்த வேகத்தில் புறங்கையால் அவள் வாயில் விட்டான். உதடு கிழிந்து ரத்தம் கொட்டியது. கூந்தலைக் கொத்தாகப் பிடித்து, தலையைச் சுவரில் மோதினான். கீழே விழுந்த கீரி, சாகிற நிலையிலும் சண்டைப் புத்தி போகாமல், எகிறி வந்து அவள் கெண்டைக்காலைக் கால் முள்ளால் கிழித்தது. அவள் கையில் டைல்ஸ் தட்டுகிற ரப்பர் சுத்தி அகப்பட்டது. பார்க்காமல் வீசினாள். அவன் முழங்காலில் பட்டு, "அய்யோ" என்று மடங்கி உட்கார்ந்தான்.

அந்த இடைவெளியில் அவள் வெளியே பாய்ந்து கதவை அறைந்து சாத்திக் கொண்டியை மாட்டிவிட்டாள். ஏன் மாட்டினோம் என்று அப்போது அவளுக்கே தெரியாது. மூஞ்சியில் அவன் கை பட்ட ஈரம் பிசுபிசுத்தபோதுதான் புரிந்தது. அவன் வாய், அவன் கை, இப்போது தன் முகம், தன் கை. வீட்டுக்குள் போனால் இவன் நேராகப் பூஜா தலையைத்தான் தடவுவான். மகள் என்றால் அவனுக்கு அத்தனை உயிர்.

"திற, சந்திரா! வெளிய வந்தேன், உன்னை வெட்டிப் பொலி போட்டுடுவேன்!"

"போடுய்யா! டாக்டர் வந்தப்பறம் போடு!"

உள்ளே அவன் இரும்புச் சுத்தியை எடுத்துக்கொண்டான். தகரக் கதவு அதிர்ந்தது. அவள் கதவில் முதுகைக் கொடுத்து, காலை மண்ணில் ஊன்றி நின்றபடி ஆஃப்ஷீனுக்குப் போன் போட்டாள். ஒவ்வோர் அடியும் அவள் முதுகெலும்பில் இறங்கியது. அழுதும் கத்தியும் சொல்லி முடித்தாள்.

"அவரு உள்ளேயே இருக்கட்டும்மா. நீங்களும் யாரையும் தொடாதீங்க. முகம், கை, கால்ல இருக்கற காயம், எல்லாத்தையும் சோப்புப் போட்டு இப்பவே கழுவுங்க. பூஜாவை அந்தப் பக்கமே விடாதீங்க. மாத்திரை இருக்குது, சீக்கிரமா குடுத்தா காப்பாத்திடலாம். ஆம்புலன்ஸோட வந்துக்கிட்டே இருக்கோம்," என்றாள் ஆஃப்ஷீன்.

கழுவணுமாம்! குழாய் இருந்தது கொல்லையின் மறு மூலையில். இவள் நகர்ந்தால் அவன் கதவைப் பெயர்த்துக்கொண்டு வந்துவிடுவான். மேல் கீல் ஏற்கெனவே ஆட ஆரம்பித்திருந்தது. அவள் நின்ற இடத்திலேயே நின்றாள். காலிலிருந்து ரத்தம் குதிகாலுக்கு வழிந்தது.

சத்தம் கேட்டுப் பூஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு கொல்லை வாசலுக்கு வந்துவிட்டாள்.

"அம்மா! இன்னா இது ரத்தம்? அப்பாவை ஏன் அடைச்சு வச்சிருக்கே?"

"கிட்ட வராத! உள்ள போ!"

"பூஜா, உங்கம்மாவுக்குப் பைத்தியம் புடிச்சிருக்கு! கொண்டியை எடும்மா!" உள்ளிருந்து அவன் கத்தினான்.

பூஜா ஓர் அடி எடுத்து வைத்தாள். சந்திரம்மாள் குனிந்து காலடியில் கிடந்த செங்கல்லை எடுத்து மகளின் காலுக்கு முன்னால் ஓங்கி அடித்தாள். கல் சிதறி ஒரு துண்டு பூஜாவின் கணுக்காலில் பட்டது.

"இன்னொரு அடி வச்சே, அடுத்தது உன் கால்லதான் போடுவேன்! சேவலுக்கு அந்தச் சீக்கு வந்திருக்குதுடி. அதோட சளியை வாயால உறிஞ்சிக்கீறான் உங்கப்பன். அவன் வெளிய வந்தா அது உன் வயித்துக்குப் போவும். கேட்டியா?"

பெற்ற பெண்ணைக் கல்லால் அடித்துவிட்டோமே என்று நெஞ்சு வெடித்தது. ஆனாலும் இன்னொரு கல்லை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாள். பூஜா வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள்.

அப்போது உள்ளே சுத்திச் சத்தம் நின்றது. தகரத்தில் இறக்கை படபடவென்று அடித்துக்கொண்டது. எதுவோ தரையில் சுற்றிச் சுற்றிப் புரண்டது. "கீரி... டேய், கீரி..." என்று கண்ணாயிரத்தின் குரல் தாழ்ந்து கேட்டது. இறக்கைச் சத்தம் மெல்லக் குறைந்து அடங்கியது. பிறகு அவன் குரலும் இல்லை.

"அப்பா?" என்றாள் பூஜா. "அப்பா! அம்மா, அவரு பேச மாட்டேங்கறாரு! நெஞ்சை அடைச்சிடுச்சா இன்னான்னு தெரியலையே!" அவள் ஓட்டமும் நடையுமாக வந்தேவிட்டாள். சந்திரம்மாள் கல்லை ஓங்கினாள். ஓங்கிய கை அப்படியே நின்றது. எட்டு மாதக்காரி மேல் எப்படிப் போடுவாள்? பிடித்து நிறுத்தலாம் என்றால், நீட்டிய தன் கையிலேயே அவன் எச்சிலும் தன் ரத்தமும் கலந்து அப்பியிருந்தது. அந்தக் கையால் மகளைத் தொடப் பயந்து, கையைப் பின்னால் இழுத்துக்கொண்டு அவள் விலகிப் போனாள். தொட்டுத் தடுக்க முடியாத அந்தக் கணத்தில் அவள் கதறியது மலைக்கே கேட்டிருக்கும்.

பூஜா கொண்டியை எடுத்தாள். கதவை இழுத்தாள்.

கதவு வரவில்லை. உள்ளே இரும்புத் தாழ்ப்பாள் விழுந்த சத்தம் இரண்டு பேருக்கும் கேட்டது.

"தள்ளிப் போம்மா," என்றான் கண்ணாயிரம். கதவுக்கு ஒட்டியே நின்றிருக்க வேண்டும், அத்தனை பக்கத்தில் கேட்டது குரல். "அப்பா நல்லாத்தான் கீறேன். நீ போ. கொண்டியைத் தொட்ட கையை மூஞ்சிக்குக் கொண்டு போவாத. சோப்புப் போட்டு நல்லா கழுவு."

"அப்பா, கதவைத் திறப்பா!"

"மாட்டேன். கீரி செத்துட்டான். பண்ணைக் கோழிங்க செத்த மாதிரியே, கழுத்தை முறுக்கிக்கினு." மூச்சை இழுத்துவிட்டான். "சந்திரா, டாக்டரம்மா கிட்ட மறைக்காம சொல்லு. நான்தான் ஒளிச்சு வச்சேன், நான்தான் வாய் வச்சேன்னு. உன் மேல கை வச்சதையும் சொல்லு, உனக்கும் மாத்திரை குடுப்பாங்க."

பூஜா இரண்டு கையாலும் தகரக் கதவில் அடித்தாள். இவ்வளவு நேரம் உள்ளே அவன் அடித்த அதே கதவு. தாழ்ப்பாள் அசையவில்லை.

"அடிக்காதடி, வயித்துல இருக்கறது பயந்துக்கும்," என்றான் அவன். "புள்ள பொறந்தா போன்ல காமிங்க, போதும்."

சந்திரம்மாள் கிழிந்த உதட்டோடு, "நேர்ல வந்து பாருய்யா, படுபாவி!" என்று கத்திவிட்டு, தள்ளாடிக்கொண்டே குழாயடிக்குப் போய்ச் சோப்பை எடுத்தாள். முகத்தைத் தேய்த்தாள், கையைத் தேய்த்தாள், காலில் இருந்த காயத்தைத் தேய்த்தாள். எரிந்தது. அழுதுகொண்டே தேய்த்தாள்.