பிரதானின் குரல்

வடிகாலோரம் இருந்த எங்கள் ஜுக்கிக் குடிசைகளை இடிக்கப்போவதாக நோட்டீஸ் ஒட்டிய அன்றே பச்சையம்மா தன் பீரோவை வெளியே இழுத்துவிட்டாள். எதற்கும் பயப்படுகிறவள். பால் பொங்கிவிடுமோ என்று அடுப்பை விட்டு நகரமாட்டாள்.

எங்கள் பிரதான் ராயப்பன் அப்படியில்லை. போலீஸ்காரனிடமே கை நீட்டி இந்தியில் கத்துவான். அந்தத் தொண்டைக்காகத்தான் கைதூக்கி அவனைத் தலைவனாக்கினோம்.

"பீரோவ உள்ள வையிக்கா. ஒரு சாமான் வெளிய வந்தாலும் நாம பயந்துட்டோம்னு தெரிஞ்சுடும். நான் இருக்கேன்ல, எவன் வர்றான்னு பாத்துடறேன்," என்றான்.

"வந்துட்டா?" என்றாள் பச்சையம்மா.

எல்லோரும் சிரித்தோம். அவள் வண்டி பிடித்துத் தன் சாமான்களைத் தம்பி வீட்டுக்கு அனுப்பினாள். எங்கள் சாமான்கள் வீரமாக வீட்டுக்குள்ளேயே இருந்தன.

புல்டோசர் வந்தது. ராயப்பன் உண்மையாகவே அதன் முன்னால் போய் நின்றான். அதில் குறை சொல்ல முடியாது. போலீஸ்காரர்கள் அவனைத் தூக்கி ஓரமாக வைத்தார்கள். என் கிரைண்டர், மகளின் பள்ளிச் சான்றிதழ், மாமியாரின் மருந்து எல்லாம் மண்ணோடு மண்ணாயின.

சாயங்காலம் மேம்பாலத்தடியில் உட்கார்ந்திருந்தோம். பச்சையம்மா தம்பி வீட்டிலிருந்து தன் அடுப்பைக் கொண்டுவந்து எல்லோருக்கும் டீ போட்டாள். அதைக் குடித்துக்கொண்டே ஒருத்தி, "'வந்துட்டா'ன்னு இவ வாய் வச்சதாலதான் இப்படி ஆச்சு," என்றாள். நாங்கள் தலையாட்டினோம்.

ராயப்பன் எழுந்தான். சட்டை கிழிந்திருந்தது. குரல் அப்படியே இருந்தது.

"யாரும் பயப்படாதீங்க. நான் இருக்கேன்ல!"

பச்சையம்மா அடுப்பை விட்டு நகரவில்லை. நாங்கள் கைதட்டினோம்.