ருசி பார்த்தவள்

ஜப்பான்காரன் மலேயாவைப் பிடித்ததிலிருந்து பட்டணத்தில் வெள்ளீயத்துக்குப் பஞ்சம். அப்படியும் ராயப்பேட்டையில் எலுமிச்சை சர்பத் வியாபாரம் செய்த கரீமுல்லாவின் செம்பு அண்டாக்களுக்கு ரம்ஜானுக்கு முன்பே ஈயம் பூசியாகிவிட்டது. பூசிய அக்பர் பாஷா இருபதாம் நோன்பன்று வந்து, உள்ளே வராமல் வாசலிலேயே நின்றான்.

"பாய், மனசு கேக்கல. பூசுனதுல பாதிக்கு மேல காரீயம்."

"நோன்பு வெச்சிக்கினு வந்து சொல்றியா இத?"

"நோன்பு வெச்சதாலதான் சொல்றேன்."

காரீயம் விஷம், புளிப்பு அதைக் கரைக்கும், கரைந்தது லேசாகத் தித்திக்கும். மூன்றும் கரீமுல்லாவுக்குத் தெரியும். அண்டாக்களில் நான்கு நாள் வியாபாரத்துக்கான சாறு நின்றது. கொட்டினால் மறுபடி பழம் வாங்கக் கையில் காசில்லை, பெருநாள் வரை கடையைச் சாத்த வேண்டியதுதான். ஏற்கெனவே விற்றதைப் பற்றி அவர் யோசிக்கவில்லை.

மருந்துக்கடை கம்பவுண்டர் நல்லசிவம் வழி சொன்னார். கசாப்புக்கடை எலும்பை மூடிய சட்டியில் சுட்டு, கரியைப் பொடித்து, சாற்றில் கலக்கி வடிகட்டினால் காரீயத்தைக் கரி பிடித்துக்கொள்ளும். சோதிக்க ஒரு குப்பியில் அழுகிய முட்டை நாற்றமடிக்கும் மருந்தும் கொண்டுவந்தார். காரீயம் இருந்தால் ஒரு சொட்டில் சாறு கறுக்கும்.

முதலில் மை மாதிரி கறுத்தது. கரி போட்டு வடித்த பிறகு பழுப்பு. நாலாவது தடவை நிறம் மாறவே இல்லை.

"காரீயம் போயிட்டு பாய். வாசனையும் சேந்து போயிட்டு."

"தோலத் துருவிப் போட்டா வாசன வந்துடும்," என்றார் கரீமுல்லா. அவருக்கு அன்றைக்குத்தான் மூச்சு வந்தது.

நோன்பு மாதத்தில் பகலில் அவர் நாக்கில் எதையும் வைக்க முடியாது. பழம் பிழியும் புஷ்பம்தான் ருசி பார்ப்பாள். ஒவ்வொரு அண்டாவிலும் அரை டம்ளர். இருபது நாளாக, ஒரு நாள் தவறாமல். கூப்பிட்டதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

"இன்னும் நோவுதா?"

"பத்து நாளா வவுத்த முறுக்குது பாய். நீதான் வெறும் வவுத்துல புளிப்பு குடிச்சா அப்டித்தான் இருக்கும்னே." குடித்துப் பார்த்தாள். "சப்புனு கீது. முன்ன லேசா ஒரு தித்திப்பு இருந்துச்சே, அது எங்க போச்சு?"

சிரித்தபோது அவள் ஈறுகளின் ஓரத்தில் நீலக்கறுப்பாக ஒரு கோடு தெரிந்தது. அவள் டம்ளரைக் கழுவப் போனதும் நல்லசிவம் குரலைத் தாழ்த்தினார்.

"ஈறப் பாத்தீங்களா? காரீயம் ஒடம்புல ஏறினா அப்படித்தான் கோடு விழும். ஒடனே பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க."

"போனா இன்னா கேப்பாங்க?"

"என்ன குடிச்சே, எங்க குடிச்சேன்னு கேப்பாங்க."

"இந்தக் கரியவே அவளுக்குக் கரைச்சிக் குடுத்தா?"

"அது அண்டாவுக்குத்தான் பாய். அவ ஒடம்புல ஊறிட்டு."

கரீமுல்லா வடிதுணியை இரண்டு தடவை பிழிந்தார். பிறகு புஷ்பத்தைக் கூப்பிட்டார்.

"நாளைலேர்ந்து வராத. வவுறு சரியாவட்டும், பாக்கலாம்."

"நான் இன்னா வேல வேணாம்னா சொன்னேன்? நான் வராட்டி யாரு ருசி பாக்கறது?"

"அதுக்கு மருந்து வந்துட்ச்சி."

"மருந்து ருசி பாக்குமா? நல்ல தமாசு பாய்."

மறுபடியும் சிரித்தாள். கரீமுல்லா அவள் வாயைப் பார்க்காமல் சாற்றை ஜாடிகளில் ஊற்றத் தொடங்கினார். அவர் தமாஷ் பண்ணவில்லை என்று புரிய அவளுக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. நல்லசிவத்தைப் பார்த்தாள். அவர் குப்பிக்குத் தக்கையை அழுத்திவிட்டு, கடைக்கு நேரமாகிறது என்று கிளம்பினார்.