ஐம்பது புள்ளி டேங்க்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை ஒரு பொம்மை டேங்க் சண்டையில் ஒருவர் தோற்றார், ஒருவர் ஜெயித்தார். தோற்றவர்தானே புலம்ப வேண்டும்? இங்கே ஜெயித்தவருக்குத்தான் ஒரு வாரமாகத் தூக்கமில்லை.

முதல் ஆரம்பம்: "புழுதி பறக்க, பூமி அதிர, இரண்டு ராட்சத டேங்குகள் பாலைவனத்தில்..."

(வேண்டாம். பாலைவனம் என்பது ஒரு ப்ளைவுட் பலகை. ராட்சதர்கள் தலைக்கு ஒரு தீப்பெட்டி நீளம்.)

இரண்டாம் ஆரம்பம்: "போர் என்பது மனித குலத்தின்..."

(அடச்சே. யார் கேட்டார்கள் இதை?)

மூன்றாவது: ஒரு மூக்குக்கண்ணாடிக் கடை. சரி, இந்த வழியாகவே உள்ளே போவோம்.

2

அந்தக் கடைக்காரர் லென்ஸ் தேய்த்துத் தேய்த்தே விரல் நுனி வழவழப்பானவர். கண் நன்றாக இருக்கிற ஆள் வந்து உட்கார்ந்தால், "ஒங்களுக்குக் கண்ணாடி வேண்டாம், போய்ட்டு வாங்க" என்று திருப்பி அனுப்பிவிடுவார். அப்படி ஒரு வியாபாரி. ஞாயிறு மதியம் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, கடை மாடியில் தங்கை புருஷனோடு டேங்க் ஆடுவார். தங்கை புருஷன் லிஃப்ட் மெக்கானிக். அவர் இவரை மச்சான் என்பார், இவர் அவரை மாப்ள என்பார். நாமும் அப்படியே வைத்துக்கொள்வோம்.

ஆட்டம் லேசானது. ஆளுக்கு நூறு புள்ளி. கவசம், பீரங்கி, வேகம் மூன்றையும் பார்த்து ஒவ்வொரு டேங்குக்கும் இவ்வளவு புள்ளி என்று நோட்டில் எழுதி வைத்திருப்பது மச்சான். அவருடைய கனத்த டேங்க் ஐம்பது புள்ளி; ஆகவே இரண்டு. மாப்பிள்ளையின் லேசான டேங்க் இருபது, ஆகவே ஐந்து. டேப் வைத்துத் தூரம் அளந்து, பகடை உருட்டிச் சுட வேண்டும். நடுவில் தெர்மாகோல் வீடு இருந்தால் சுட முடியாது.

மூன்று வருஷமாக மாப்பிள்ளை ஒரே ஒரு தடவைகூட ஜெயித்ததில்லை.

"ஒங்க டேங்குக்கு அம்பது ரொம்பக் கம்மி மச்சான். எழுபதாவது போடணும்."

"கவசத்துக்கு இருபது, பீரங்கிக்கு இருபத்தஞ்சு, வேகத்துக்கு அஞ்சு. இதுல எங்க தப்பு, காட்டு."

"எங்கன்னு தெரியல. ஆனா அடி என்னவோ எனக்கே விழுது."

(அடிக்குறிப்பு போல ஒன்று: கவசத்துக்குப் புள்ளி போடலாம், பீரங்கிக்குப் போடலாம். ஆடுகிறவனின் மண்டைக்குப் போட முடியாது. லேசான டேங்க் வீட்டுக்கு வீடு ஒளிந்து, சுற்றிப் போய், கனத்த டேங்கின் முதுகில் சுட வேண்டும். அங்கேதான் கவசம் மெல்லிசு. நம் மாப்பிள்ளையோ ஐந்தையும் வரிசையாக எதிரியின் மூஞ்சிக்கு நேரே ஓட்டிக்கொண்டு போவார்.)

3

போன ஞாயிறு மச்சான் பொறுமை இழந்துவிட்டார்.

"மாத்தி ஆடுவோம். ரெண்டு கனத்தையும் நீ எடுத்துக்கோ, அஞ்சையும் நான் எடுத்துக்கறேன். நீ ஜெயிச்சா என் நோட்டு தப்பு. சரியா?"

"சரி மச்சான். அப்பறம் பேச்சு மாறக் கூடாது."

இதைவிட நியாயமாக யார் கேட்பார்கள்? ஆட்டம் தொடங்கியது. அரை மணி நேரத்தில் மாப்பிள்ளையின் ஒரு கனத்த டேங்க் காலி. மச்சான் பக்கம் இரண்டு போக, மூன்று லேசான டேங்குகள் ஒரு வீட்டுக்குப் பின்னால் பதுங்கி, மாப்பிள்ளையிடம் மிச்சமிருந்த ஒன்றின் முதுகுக்கு வந்துகொண்டிருந்தன. அந்த நேரம் பார்த்துக் கீழே யாரோ ஷட்டரைத் தட்டினார்கள். காதை உறுத்துகிற கண்ணாடியோடு ஒரு வாத்தியார். மச்சான் இறங்கிப் போனார்.

அப்போது மாப்பிள்ளையின் மனைவி, அதாவது மச்சானின் தங்கை, தூசி தட்டுகிற துணியோடு மாடிக்கு வந்தாள். மேசையைத் துடைத்தபோது அவள் கை பட்டு, அந்த வீடு ஒரு சாண் நகர்ந்து...

(இந்தப் பாத்திரத்தின் மேல் எனக்கே நம்பிக்கை இல்லை. ஆனாலும் இப்போதைக்கு இருக்கட்டும்.)

மச்சான் திரும்பி வந்து பார்த்தார். மூன்று டேங்கும் வெட்டவெளியில் நின்றன. "மறைவாத்தானே வெச்சேன்?" என்று கண்ணைக் கசக்கிக்கொண்டார். மாப்பிள்ளை சுட்டார். சுட்டார். மறுபடி சுட்டார். மூன்றும் காலி.

"அப்ப மூணு வருஷமா நான் ஒன்ன ஏமாத்திருக்கேன் மாப்ள," என்றார் மச்சான். என் தோளைத் தட்டினார்.

(மாப்பிள்ளையின் தோளை. திருத்த வேண்டும்.)

4

இதுவரை எழுதியதை என் மனைவி படித்தாள்.

"நான் எப்பங்க அந்த மாடிக்கு வந்தேன்? இந்த மூணு வருஷத்துல எட்டிக்கூடப் பாத்ததில்ல."

"கதைக்காகப் போட்டது."

"கதைக்காக நான் துடைச்சேன், சரி. நிஜத்துல அந்த வீட்ட நகத்துனது யாரு?"

நான் பேனா மூடியைத் தேடுகிற மாதிரி குனிந்தேன்.

"அண்ணன் நோட்டுல அம்பத அடிச்சுட்டு எழுபது போட்டாச்சு. நூறுல ரெண்டு எழுபது அடங்காதுன்னு ஒரு டேங்கப் பெட்டிக்குள்ள வெச்சுட்டார். எட்டு மாசம் பெயின்ட் அடிச்ச டேங்கு! செவ்வாக்கெழம கடைல, எழுத்துப் பலகை முன்னாடி தானே ஒக்காந்து தன் கண்ணச் சோதிச்சுக்கிட்டு இருந்தார். என்னண்ணேன்னு கேட்டா, மூணு டேங்கு வெளிய நின்னதே தெரியல எனக்கு, இனிமே அடுத்தவன் கண்ண எப்படிப் பாக்கறதுங்கறார். நீங்க என்னடான்னா கத எழுதறீங்க."

வெட்கமாக இருந்தது. மூன்றாம் பகுதியில் அவளையும் துணியையும் கோடு போட்டு அடித்துவிட்டேன். கிழித்துப் போடாமல் மேலே படிக்கிற மாதிரி விட்டிருப்பது, நான் எவ்வளவு தூரம் போனேன் என்று தெரியட்டும் என்பதற்காக.

5

முடிவுகள் மூன்று யோசித்தேன்.

(அ) மாப்பிள்ளை உண்மையைச் சொல்கிறார். மச்சான் விழுந்து விழுந்து சிரிக்கிறார். (சிரிக்க மாட்டார். நோட்டு விஷயத்தில் அவர் சிரித்து நான் பார்த்ததில்லை.)

(ஆ) சொல்லாமல் விட்டுவிடுகிறார். எழுபதுப் புள்ளிக் கணக்கில் ஆடுகிறார்கள். அப்போதும் மாப்பிள்ளை நேரே மூஞ்சிக்குத்தான் ஓட்டுவார், தோற்பார். மச்சான் அதைத் தொண்ணூறு ஆக்குவார். ஒற்றை டேங்கிடம் ஐந்து டேங்கோடு தோற்றால் மூஞ்சியை எங்கே கொண்டு வைப்பது?

(இ) வாசகரே, நீங்களே...

இல்லை. வாசகர் என்று யாரைக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறேன்? இதைப் படிக்க வேண்டியவர் ஒரே ஒருத்தர்தான்.

6

மச்சான், அந்த வீட்டை நகர்த்தியது நான். உங்கள் கண்ணில் ஒரு கோளாறும் இல்லை. நோட்டில் ஓர் எண்கூடத் தப்பில்லை. எனக்கு ஆடத் தெரியவில்லை, அவ்வளவுதான். அதைச் சொல்ல மானம் இடம் கொடுக்காமல், நியாயத்தைத் தவிர வேறெதுவும் தெரியாத மனிதரை தாம் ஓர் ஏமாற்றுக்காரர் என்று நம்ப வைத்துவிட்டேன். மன்னிப்புக் கேட்கக்கூடக் கூச்சமாக இருக்கிறது.

இன்றைக்கு ஞாயிறு. மாடியில் அந்தப் பலகைமேல் வைத்துத்தான் எழுதுகிறேன். கீழே ஷட்டர் பாதி இறங்கிய சத்தம் கேட்டது, படியேறி வருகிறீர்கள். இந்தத் தாள்களை நடுப்பலகையில் வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் போய் நிற்கிறேன். படித்து முடித்ததும் நீங்கள் சொல்வதுதான் முடிவு, நான் ஒரு வார்த்தை மாற்ற மாட்டேன். திட்டுவதானால் வாயாரத் திட்டுங்கள். ஆனால் முதலில் அந்த டேங்கைப் பெட்டியிலிருந்து வெளியே எடுங்கள்.